தாமாக விலகியவர்கள்

பிப்ரவரி 6, செவ்வாய்

படுத்திருக்கையில் 156/84. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 134/78. மூன்று நிமிடத்தில் 130/76. லேசான தலைசுற்றல். இறுக்கமான காலுறையைப் போட்டதும் சரியாயிற்று.

குடியிருப்பின் பொதுத் துணி துவைக்கும் அறையில் இன்று ஏழு முதல் பத்து வரை என் முறை. முதல் சுற்றை இயந்திரத்தில் போட்டுவிட்டு மேலே வந்தபோது மின்னஞ்சல் வந்திருந்தது. தூவா என்ற பெண். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த அதே உடலியல் துறையில் ஆய்வு மாணவி. ஆரோக்கியமானவர்களிடம் வயதும் ஆண்பெண் வேறுபாடும் இரத்த அழுத்தத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கிறாளாம். எங்களுடைய 1984ஆம் ஆண்டு ஆய்வின் மூலக் குறிப்பேடு துறைக் காப்பகத்தில் இல்லை, உன்னிடம் இருக்குமா என்று கேட்டிருக்கிறாள்.

‘தேடிப் பார்க்கிறேன்’ என்று பதில் எழுதினேன்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. நிலவறையில் என் சாமான்களுக்கான கம்பிக்கூண்டுக்குள், இடது அலமாரி, மூன்றாவது தட்டு. பனிச்சறுக்குக் காலணிப் பெட்டிக்குப் பின்னால்.

பிப்ரவரி 7, புதன்

நிலவறைக்குப் போகவில்லை. மழை. நிலவறைக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்?

பிப்ரவரி 9, வெள்ளி

158/84. நின்றபின் 133/76.

எடுத்து வந்தேன். நீலத்துணி அட்டை. ஓரங்கள் நைந்திருக்கின்றன. என் கையெழுத்து மாறவேயில்லை, அதே சின்ன நேரான எழுத்துகள். இந்தக் கையெழுத்தைப் பார்க்கிற யாரும் இதில் பொய் இருக்கும் என்று நினைக்க மாட்டார்கள்.

முறைப்படி எழுதி வைக்கிறேன். அறுபத்து நான்கு பேர். இளைய ஆண்கள் பதினாறு, இளைய பெண்கள் பதினாறு. ஐம்பத்தைந்து தாண்டிய ஆண்கள் பதினாறு, பெண்கள் பதினாறு. நாற்பத்தைந்துக்குக் கீழே இருந்தவர்கள் இளையவர்கள். எல்லோரும் ஆரோக்கியமானவர்கள், மருந்து எதுவும் சாப்பிடாதவர்கள். ஒவ்வொருவரையும் மேசையில் படுக்கவைத்துப் பட்டைகளால் கட்டி, முழங்காலுக்குக் கீழே நரம்பில் மெல்லிய ஊசி ஏற்றி, மேசையை அறுபது பாகை நிமிர்த்துவோம். நாற்பத்தைந்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். இரத்தம் காலுக்கு இறங்கும். இறங்க இறங்க நரம்பு இரத்தக் குழாய்களுக்குச் சொல்லும்: சுருங்கு, சுருங்கு. அந்தச் சொல்லை ஒலிபெருக்கியில் கேட்கலாம். ஜன்னல் கண்ணாடியில் மழை விட்டு விட்டு அடிக்கிற மாதிரி.

இளைய பெண்களில் ஏழு பேருக்கு நாற்பத்தைந்து நிமிடம் முடியும் முன்பே அந்த மழை சட்டென்று நின்றது. முகம் வெளுத்தது. மயங்கினார்கள். மேசையைக் கிடத்தினோம். ஐந்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து சாறு குடித்தார்கள், சிரித்தார்கள். ஒரு நோயும் இல்லை.

குறிப்பேட்டில் அந்த ஏழு பேருக்கு எதிரே, காரணம் என்ற பத்தியில், நான் எழுதியிருப்பது: தாமாக விலகினார். தாமாக விலகினார். ஏழு தடவை.

பேராசிரியர் வெஸ்டின் பொய் எழுதச் சொல்லவில்லை. “அந்தப் பத்தி காலியா கிடக்குதே ரூனே, அறநெறிக் குழு கேட்கும். நல்ல வார்த்தையா பார்த்துப் போடு” என்றார். அவ்வளவுதான். நல்ல வார்த்தையைத் தேடிக் கண்டுபிடித்தவன் நான்.

தாங்கி நின்ற ஒன்பது பெண்கள் ஏறக்குறைய ஆண்களைப் போலவே இருந்தார்கள். ஆண்களைப் போல இல்லாதவர்களை எடுத்துவிட்டு, ஆண்பெண் வித்தியாசம் இல்லை என்று கட்டுரை எழுதினேன். என் பெயரைச் சொன்னால் யாருக்காவது நினைவு வருமென்றால் அந்தக் கட்டுரைதான்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய், எல்லோரும் க்ரீம் பன் தின்கிற நாள். தூவா இரண்டு க்ரீம் பன்னோடு வந்தாள். உயரம், முப்பது வயதிருக்கும், நனைந்த சைக்கிள் தலைக்கவசத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அவள் பேசியதை மறக்கும் முன் எழுதுகிறேன்.

“உன் கட்டுரைய எத்தனை தடவ படிச்சேன் தெரியுமா? மனப்பாடம். எனக்கு எதிரி மாதிரி ஆயிடுச்சு.”

“எதிரியா?”

“உன்னோடதுல இளம் பொண்ணுங்களும் பசங்களும் ஒண்ணு. என்னோடதுல ஒண்ணே இல்ல. பசங்களுக்கு நரம்பு கத்துனா குழாய் சுருங்குது. பொண்ணுங்களுக்கு நரம்பு கத்தினாலும் குழாய் பாதிதான் கேட்குது, மீதிய தளர்த்தி விட்டுடுது. அதனாலதான் அவங்களுக்கு அழுத்தம் குறைவு. அதனாலயே நிமிர்த்தி வச்சா முதல்ல மயங்குறாங்க. மாதவிடாய் நின்னப்புறம் அந்தத் தளர்த்தல் போயிடுது. அப்புறம் நரம்பு கத்துற அளவுக்கு அழுத்தமும் ஏறுது. எனக்குத் தெளிவா தெரியுது. ஆனா ஒண்ணு நான் தப்பு, இல்லேன்னா நீ தப்பு.”

“உன் வழிகாட்டி என்ன சொல்றார்?”

“நான் தப்புங்கிறார்.” பன்னின் மேல்துண்டை எடுத்து அதைக் கொண்டு க்ரீமை அள்ளித் தின்றாள். “என் முப்பது பொண்ணுங்கள்ல பதினோரு பேர் மயங்கினாங்க. அந்தப் பதினோரு பேரையும் எடுத்துடு, ஆரோக்கியமானவங்க மயங்க மாட்டாங்க, ரூனேவோட கட்டுரையே காட்டியிருக்குன்னு சொல்றார். எடுத்துட்டா என் ஆய்வுல ஒண்ணுமே மிஞ்சாது. சும்மா உன்னோடத திருப்பிச் சொன்ன மாதிரி ஆகும்.”

பிறகு கேட்டாள்: “அறுபத்து நாலு பேர சேர்த்திருக்க. கட்டுரையில அம்பத்தேழு. அந்த ஏழு பேர் ஏன் போனாங்க?”

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. குறிப்பேடு பக்கத்து அறையில் மேசைமேல் இருந்தது.

“அந்தக் காலத்துல ஊசிக்குப் பயந்து சில பேர்...” என்றேன்.

அவள் அதைக் குறித்துக்கொண்டாள். ஊசிப் பயம், ஏழு.

குறிப்பேடு இன்னும் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். எண்பத்திரண்டு வயதில் ஒரே பிற்பகலில் இரண்டு பொய். என்ன மனுஷன்டா நீ.

பிப்ரவரி 14, புதன்

அவள் வைத்துவிட்டுப் போன இரண்டாவது பன் அப்படியே இருக்கிறது. தின்ன முடியவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

151/80. நின்றபின் 130/74.

பார்ப்ருவைப் பற்றி எழுத வேண்டும். நாற்பது வருட நாட்குறிப்பில் அவள் பெயரை எழுதுவது இதுதான் முதல் முறை. நேற்று பழைய நோட்டுகளைப் புரட்டி உறுதி செய்துகொண்டேன்.

பார்ப்ரு எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். அப்போது முப்பத்தொரு வயது. ஊசியை நரம்பில் நிறுத்துவதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு: வெளியாட்களை மேசையில் ஏற்றும் முன் நாங்கள் ஏற வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு: மேசையில் மயங்கியது எங்களில் ஒருவரானால், மறுநாள் ஒன்பதரை மணிக் காபிக்கு அவர் கேக் கொண்டுவர வேண்டும். வெளியாள் என்றால் ஊசி போட்டவர் கொண்டுவர வேண்டும். காபி அறையில் ஒரு கேக் புத்தகம் இருந்தது. தேதி, பெயர், எத்தனையாவது நிமிடம், என்ன கேக். பொறுப்பு பார்ப்ருவுடையது. அவளே பதினாறு இளைய பெண்களில் ஒருத்தி. பத்தொன்பதாவது நிமிடம் மயங்கினாள், மறுநாள் பச்சை நிறப் பாதாம்-சர்க்கரை மார்சிபன் போர்த்திய கேக் கொண்டுவந்தாள்.

அந்த வசந்தத்தில் நிறைய கேக் தின்றோம். யோசித்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அக்டோபர் கூட்டத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு அட்டவணை போட்டுக் கொண்டுவந்தாள். “இளம் பொண்ணுங்க ஏழு பேர் மயங்கியிருக்காங்க. இதுதான் நம்ம முடிவு. இதைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்த எதுக்கு எழுதணும்?” ஆய்வுப் பட்டத்துக்குப் பதிவு செய்ய விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தாள். தலைப்பு இதுவேதான்.

வெஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “குமாரி, நம்ம தலைப்பு என்ன? ஆரோக்கியமானவர்கள். மயங்கி விழுறவங்க ஆரோக்கியமானவங்க இல்ல. நீங்க காட்டுறது கேக் புள்ளிவிவரம், உடலியல் இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். மேசைமேல் நீலக் குறிப்பேடு என் முழங்கைக்குக் கீழே இருந்தது. நான் முழங்கையை எடுக்கவில்லை.

வித்தியாசமே இல்லை என்று முடிவான பிறகு அவள் தலைப்புக்கு வேலை இல்லை. அடுத்த வசந்தத்தில் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இன்று எழுத மாட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

எழுத மறந்தது: சுமார் பத்து வருடம் முன்பு பதினோராம் எண் டிராமில் பார்ப்ரு ஏறினாள். நான் செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி மழையில் நடந்தேன். மறக்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 1, வெள்ளி

எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டேன். “பார்ப்ரு” என்று தன் பெயரைச் சொல்லி எடுத்தாள், எல்லோரையும் போல. நான் வைத்துவிட்டேன்.

அரை நிமிடத்தில் என் தொலைபேசி அடித்தது.

“யார் இது? இப்பெல்லாம் நம்பர் தெரியும், தெரியுமில்ல?”

“ரூனே.”

“நீ செத்துட்டேன்னு நெனச்சேன்.”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

பன்னிரண்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறாள். காபி தருவாளாம். “காபி மட்டும்தான். கேக் கிடையாது. என் பங்கு எப்பவோ முடிஞ்சிடுச்சு.”

மார்ச் 12, செவ்வாய்

154/82. நின்றபின் 126/72. பயம் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். எனக்கு இறக்குகிறது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாலாவது மாடி, மின்தூக்கி பழுது. படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பார்ப்ருவுக்கு எழுபத்தொன்று. முடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உட்காரு, முதல்ல உட்காரு. இங்க விழுந்தா உன்னைக் கீழ தூக்கிட்டுப் போக ஆள் இல்ல” என்றாள்.

எங்களை விட்டுப் போனபின் வட்டார மருத்துவ நிலையத்தில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தாளாம். இரத்த அழுத்தம் பார்ப்பதுதான் பாதி நாள்.

“இருபது வயசுப் பொண்ணு வருவா. நின்னா கண்ணு இருட்டுதும்பா. உள்ள போவா, நரம்பு பலவீனம், பதட்டம்னு எழுதி வாங்கிட்டு வெளிய வருவா. அம்பத்திரண்டு வயசுக்காரி வருவா. நேத்து வரைக்கும் நூத்திப்பத்து இருந்தவளுக்கு நூத்தம்பது. இது வேற மாதிரி ஏறுது டாக்டர், கவனிங்கன்னு நான் சொல்வேன். ஆணும் பெண்ணும் ஒண்ணுதான், கட்டுரை இருக்குன்னு சொல்வார். கட்டுரை இருக்கு. பட்டையைக் கையில சுத்துறப்பெல்லாம் உன்னை நெனச்சுக்குவேன், ரூனே. வருஷத்துக்கு எத்தனை தடவன்னு கணக்குப் போட்டுக்க. உனக்குக் கணக்கு பிடிக்குமே.”

மன்னிப்புக் கேட்டேன். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன், அரைப்பக்கம். மூன்றாவது வரியில் நிறுத்தச் சொன்னாள்.

“இது யாருக்கு? எனக்கா, உனக்கா?”

தெரியவில்லை என்றேன். அது உண்மை.

தூவாவைப் பற்றிச் சொன்னேன். பதினோரு பெண்களை எடுக்கச் சொல்கிறார்கள் என்றதும் காபிக் கெண்டியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ச் சமையலறை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். கேக் புத்தகம். பின்பக்கத்திலிருந்து சமையல் குறிப்புகள் எழுதியிருந்ததால் தூக்கிப் போடவில்லையாம். அட்டையில் வெண்ணெய்க் கறை.

முன்பக்கத்திலிருந்து புரட்டினாள். ஏழு பெண்களும் இருந்தார்கள். தேதி, நிமிடம், கேக். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

ஏப்ரல் 11. ரூனே. 31ஆவது நிமிடம். கேக் பத்தி காலி.

சரி. இப்போது எழுதுகிறேன்.

ஏப்ரல் 11, 1984. மாலை நாலரை. மற்றவர்கள் போய்விட்டார்கள். மேசையில் நான், பதினாறு இளைய ஆண்களில் ஒருவனாக. ஊசி போட்டவள் பார்ப்ரு. முப்பத்தோராவது நிமிடம் மயங்கினேன். கண் திறந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, எழுதாதே. காலையில் சாப்பிடவில்லை, யாரிடமும் சொல்லாதே என்றேன். சாப்பிட்டிருந்தேன். அடுத்த வாரம் மறுபடி ஏறினேன், அழுத்தம் இறங்காமலிருக்க உப்புக்கருவாடு நிறையத் தின்றுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு. நாற்பத்தைந்து நிமிடம் நின்றேன். நீலக் குறிப்பேட்டில் அந்த இரண்டாவது தடவை மட்டும்தான் இருக்கிறது.

அந்த ஏழு பெண்களில் ஒருத்திக்குக்கூட இரண்டாவது தடவை கொடுக்கவில்லை.

அக்டோபர் கூட்டத்தில் அவள் என்னைப் பார்த்தபோது இதைச் சொல்லியிருக்கலாம். இவரும்தான் மயங்கினார் என்ற ஒரு வாக்கியம் போதும். அவள் சொல்லவில்லை. நாற்பது வருடமாகச் சொல்லவில்லை.

“ஏன் சொல்லல?” என்று இன்று கேட்டேன்.

“சொல்லாதேன்னு கேட்டியே.” தோளைக் குலுக்கினாள். “நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். அந்தக் கூட்டத்துல. நெனச்சேன்.”

புத்தகத்தைத் தர முடியுமா என்று கேட்டேன். மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல்ல உன் நோட்டைத் திருத்து. உன் கையால. அப்புறம் பாக்கலாம்.”

மார்ச் 13, புதன்

எங்கள் முறை இது: குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒரே ஒரு கோடு. மேலே சரியானது. ஓரத்தில் தேதி, கையெழுத்து. இருபது வருடம் மாணவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று பேனாவில் மை நிரப்பினேன். அவ்வளவுதான்.

மார்ச் 15, வெள்ளி

ஏழு கோடு. ‘தாமாக விலகினார்’ மேலே ‘மயங்கினார்’. அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன். ஏழாவது பார்ப்ருவுடையது.

எட்டாவது வரியில், என் வரியில், கை நின்றுவிட்டது. மற்றது வெஸ்டினோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். இது என்னுடையது மட்டும்.

மார்ச் 18, திங்கள்

தூவாவிடமிருந்து அஞ்சல். பதினோரு பேரை நீக்குவது பற்றி வரும் திங்களுக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டாராம் வழிகாட்டி. ‘குறிப்பேடு கிடைக்கலேன்னா பரவால்ல, ரூனே. தேடினதுக்கு நன்றி.’

தேடினதுக்கு நன்றி.

மார்ச் 19, செவ்வாய்

எட்டாவது கோடும் போட்டேன். ‘ஏப்ரல் 11: 31ஆவது நிமிடம் மயங்கினேன். பதிவு மறைக்கப்பட்டது. மறைத்தவன் நான்.’ கையெழுத்து மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது.

மார்ச் 20, புதன்

துறைக்குப் போய் நேரில் கொடுத்தேன். தூவா நின்றுகொண்டே படித்தாள். பாராட்டுவாள் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

“ஊசிக்குப் பயந்துன்னு சொன்ன.”

“ஆமா.”

“போன மாசம். என் பன்னைத் தின்னுக்கிட்டே.”

“தின்னல” என்றேன். என்ன பதில் அது.

“ரெண்டு வருஷம், ரூனே. என் பொண்ணுங்ககிட்டதான் ஏதோ கோளாறுன்னு ரெண்டு வருஷம் தேடினேன். ரத்தம் எடுத்தேன், இதயம் பாத்தேன், காலைல என்ன தின்னாங்கன்னு கேட்டேன். கோளாறு உன் மேசையில இருந்திருக்கு.” உட்கார்ந்தாள். வெகுநேரம் பக்கங்களைத் திருப்பினாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: “இது போதாது. நாப்பது வருஷம் கழிச்சு ஒரு எண்பத்திரண்டு வயசுக்காரர் போன வாரம் திருத்தினதுன்னு சொல்லுவாங்க. ஞாபகப் பிசகும்பாங்க. அன்னைக்கே எழுதினது ஏதாவது இருக்கா?”

“ஒரு கேக் புத்தகம் இருக்கு.”

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விளக்க வேண்டியிருந்தது.

துறையிலிருந்தே பார்ப்ருவைக் கூப்பிட்டேன். எட்டு கோடு என்றேன். “எட்டா, ஏழா?” “எட்டு.” அவள் சொன்னாள்: “சரி. கேக் வந்தா புத்தகம் வரும்.”

“திங்கள்கிழமைக்குள்ள வேணும்.”

“அப்போ அடுப்பைப் பத்த வை, கிழவா.”

மார்ச் 21, வியாழன்

வாழ்நாளில் கேக் செய்ததில்லை. சாதாரண சர்க்கரைக் கேக், நடுவில் ஓட்டை உள்ளது, மிகச் சுலபம் என்று மாவுப் பொட்டலத்தில் போட்டிருக்கிறது. முட்டை மூன்று, சர்க்கரை, மாவு, உருக்கிய வெண்ணெய். அச்சில் வெண்ணெய் தடவி ரொட்டித்தூள் தூவ வேண்டும். எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்தேன். அடுப்புக்குள் வெப்பமானி வைத்தேன்.

நடுவில் அமுங்கிவிட்டது. பாதி நேரத்தில் கதவைத் திறந்து பார்த்தேன். திறக்காதே என்று பொட்டலத்தில் எழுதியிருந்தது.

மார்ச் 22, வெள்ளி

இரண்டாவது கேக். கதவைத் திறக்கவில்லை. அடுப்புக்கு முன் நாற்காலி போட்டு முப்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எழும்போது கண் இருட்டியது; நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ணினேன். கேக் எழும்பியிருந்தது.

மார்ச் 23, சனி

மின்தூக்கியைச் சரி செய்திருந்தார்கள்.

பார்ப்ரு கேக்கை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு துண்டு வெட்டி நின்றவாக்கிலேயே தின்றாள்.

“வறண்டிருக்கு.”

“கொஞ்ச நேரம் அதிகமா வச்சுட்டேன்.”

“நாப்பது வருஷம் அதிகமா வச்சிருக்க.” இன்னொரு துண்டு வெட்டினாள்.

புத்தகத்தை எடுத்து ஏப்ரல் 11 வரியில், காலிப் பத்தியில், ‘சர்க்கரைக் கேக், வறண்டது’ என்று எழுதினாள். இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள், முறைப்படி. மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பையில் வைத்திருந்த அரைப்பக்கத்தை எடுக்கவேயில்லை.

கிளம்பும்போது அவள் புத்தகத்தை நீட்டினாள். வாங்கக் கையை நீட்டினேன். கடைசி நொடியில் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். நானே கொண்டுபோறேன். அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசணும். அந்த அட்டவணைய எப்படிப் போட்டேன்னு உனக்குச் சொல்லத் தெரியாது.”

மார்ச் 25, திங்கள்

தூவா இரண்டே வரி: ‘பதினோரு பேரும் இருக்கிறார்கள். பார்ப்ரு என் வழிகாட்டியிடம் ஒரு மணி நேரம் பேசினாள். அவர் காபிகூடக் குடிக்கவில்லை.’

ஏப்ரல் 4, வியாழன்

என் கட்டுரை வெளிவந்த இதழுக்குக் கடிதம் அனுப்பினேன். வெஸ்டின் இறந்துவிட்டார், ஆகவே பிழை என்னுடையது என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து ‘வெஸ்டின் இறந்துவிட்டார், ஆகவே’ என்பதை எடுத்தேன்.

ஏப்ரல் 26, வெள்ளி

இதழிலிருந்து பதில். கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஜூனில் வருமாம். படித்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். கீழே டிராம் போயிற்று. எதுவும் ஆகவில்லை. ஏதாவது ஆகும் என்று நாற்பது வருடம் பயந்திருந்தேன்.

இருபது வயதில் நின்றால் கண் இருட்டுகிறது என்று போய், பதட்டம் என்று எழுதி வாங்கி வந்த பெண்களுக்கு எந்த இதழில் அறிவிப்பு வரும்?

மே 14, செவ்வாய்

159/83. நின்றபின் 136/76.

தூவாவுக்கு எழுபது தாண்டியவர்கள் போதவில்லையாம். பார்ப்ரு சேர்ந்திருக்கிறாள். இன்று அவள் முறை. நான் பார்க்கப் போனேன். நானும் சேர்கிறேன் என்றேன்.

பார்ப்ரு மேசையில் நாற்பத்தைந்து நிமிடமும் நின்றாள். ஒலிபெருக்கியில் அவள் நரம்பு முதல் நிமிடத்திலிருந்து கடைசி வரை விடாமல் பெய்தது. அழுத்தம் இறங்கவேயில்லை, கொஞ்சம் ஏறியது. முப்பத்தொரு வயதில் பத்தொன்பதாவது நிமிடம் விழுந்தவள். அவளுடைய ஆய்வு, அவள் உடம்பிலேயே, நாற்பது வருட இடைவெளியில். இறங்கி வந்து, “உனக்குக் கேக் கிடையாது, தூவா” என்றாள்.

அடுத்தது நான். மேசைக்குப் போகும் முன் வெறுமனே எழுந்து நிற்கும் சோதனை உண்டு; அதிலேயே அழுத்தம் சரிந்தால் நோய் என்று கணக்கு, ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். மூன்று நிமிடம். காலுறையைக் கழற்றச் சொன்னார்கள். முதல் நிமிடம் நன்றாக இருந்தது. இரண்டாவதில் பார்ப்ருவின் குரல் தூரத்தில் போயிற்று. கண் திறந்தபோது தரையில் ஒரு விரிப்பில் கிடந்தேன். தூவா என் கால்களைத் தூக்கிப் பிடித்திருந்தாள். மேலே பார்ப்ருவின் முகம் தலைகீழாக.

“எழுதாதேன்னு சொல்லப் போறியா?”

“இல்ல.”

உட்கார முடிந்ததும் தூவாவின் படிவத்தைக் காட்டச் சொன்னேன். என் எண்ணுக்கு எதிரே, காரணம் என்ற பத்தியில் எழுதியிருந்தாள்: விலக்கப்பட்டார். நின்ற இரண்டாவது நிமிடம் மயங்கினார்.

சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

“நாளைக்கு ஒன்பதரை” என்றாள் பார்ப்ரு, சட்டைக் கையை இறக்கிக்கொண்டே. “இந்தத் தடவ அஞ்சு நிமிஷம் முன்னாடி எடுத்துடு.”

முட்டை நான்கு இருக்கிறது. வெண்ணெய் மட்டும் வாங்க வேண்டும்.